தாளைத் தலைகீழாகப் பிடித்தவர்

கறை விழுந்த தாளை நீட்டினால் அவர் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். திருச்சுழி ரோட்டில் நின்றுகொண்டே வந்த பஸ் பயணம், கடை வாசல் வரை கூடவே வந்த வெயில், எல்லாம் இமைக்குள் அடங்கும் வரை எங்கள் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருப்பார். "வெயில்ல வந்த கண்ணுக்குப் பாக்குறதெல்லாம் கறையாத்தான் தெரியும்" என்பார். பிறகு கண்ணைத் திறந்து தாளை வாங்குவார். வாங்கியதும் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பார்.

முதல் தடவை நான் அவசரமாக, "அண்ணே, நேர் இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொடுத்தேன். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு அருப்புக்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்துகொண்டிருந்தவனுக்கு, யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு அடிக்கடி வாய்ப்பதில்லை.

"தெரியும் தம்பி. நேராப் புடிச்சா எழுத்து கூப்புடும். எழுத்தோட எனக்கென்ன வேல?" என்றார்.

பிரிண்டர் அடித்த தாளில் எழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பதுதான் பிரிண்டர் மெக்கானிக்கான அவர் தொழில். கோடு, புள்ளி, புகை, தேய்ப்பு. எழுத்தை மட்டும் பார்க்கமாட்டார். ஊரில் யாருக்குக் கல்யாணம், யாருக்குக் கருமாதி என்பதெல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பார்வையில் ஒருநாள் ஒரு பெண்ணின் வேலை தொங்கியது. அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அவரைப் பற்றிச் சொல்லும்போது அவசரப்படக் கூடாது. கண்ணை மூடி, வெயில் இறங்கிய பிறகுதான் அவரைப் பார்க்க முடியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் அக்காவின் கணவர், ஊருக்கெல்லாம் அண்ணாச்சி, எனக்கு மச்சான், தன் நோட்டுப் புத்தகக் கடையைப் பலகையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் கம்ப்யூட்டர், லேசர் பிரிண்டர், நான் என்று மூன்று சாமான்களை வைத்திருந்தார். முதல் இரண்டுக்கும் உறை உண்டு.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். காலையில் தொடங்கும் சத்தம் பத்து நிமிஷத்தில் காதை விட்டு எங்கோ உள்ளே போய்விடும். அப்புறம் அது கேட்காது. கரண்டு போனால்தான் கேட்கும். தறி நின்ற அந்த விநாடியில், யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் திடுக்கிட்டு விழிப்பேன். அந்த வருஷங்களின் மதியங்களில் நான் விழித்திருந்தேன் என்று சத்தியம் செய்ய முடியாது. பஞ்சுத் தும்பு காற்றில் மிதக்கும். ஜன்னல் வழியாக விழும் வெயில் துண்டுக்குள் அது வந்தால் வெள்ளி, வெளியே போனால் ஒன்றுமில்லை. அதைப் பார்த்தபடி வாய் திறந்து உட்கார்ந்திருப்பேன். ஒரு காவியம் எழுதும் திட்டமும் இருந்தது. கடவுள் வாழ்த்தோடு நின்றது. கடவுள் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவர் பாலவனத்தத்துக்காரர். கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பிரிண்டர் படுத்துக்கொண்டால், ஆராதனை முடிந்து, கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடே வருவார். அந்தச் சட்டையில் ஒரு பொட்டுக் கரி பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கோ டோனர் கரித்தூள் காது மடலுக்குள் வரை இருக்கும். மதுரையில் ஒரு கம்பெனிக்காக இந்தப் பக்கத்து பிரிண்டர்களைப் பார்த்துக்கொண்டார். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் அப்போது லேசர் பிரிண்டர் ஐந்தே ஐந்து.

பையில் ஸ்குரூ டிரைவர், ஒரு பிரஷ், கிழிந்த குடையிலிருந்து வெட்டிய கருப்புத் துணி, மூன்று முடிச்சுப் போட்ட தறி நூல். இவ்வளவுதான். அந்த நூல்தான் விசேஷம். பிரிண்டருக்குள் பெரிதும் சிறிதுமாகப் பல உருளைகள் சுற்றுகின்றன. ஓர் உருளையில் வடு இருந்தால், அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தாளில் அதே கறையை வைத்துவிட்டுப் போகும். கறைக்கும் அடுத்த கறைக்கும் உள்ள தூரம்தான் உருளையின் சுற்றளவு. அவர் நூலின் நுனியை ஒரு கறையில் வைத்து, கீழே இழுத்து, அடுத்த கறையில் எந்த முடிச்சு விழுகிறது என்று பார்ப்பார். முதல் முடிச்சு விழுந்தால் இந்த உருளை, இரண்டாவது விழுந்தால் அந்த உருளை.

"ஒரு ஸ்கேல் வாங்கிக்கலாமே அண்ணே?"

"ஸ்கேல்ல நம்பரு இருக்கு. நம்பரும் எழுத்து மாதிரிதான். கூப்புடும்."

இன்னொன்றும் சொல்வார்: "கறை திரும்பத் திரும்ப வந்தா உருளை. ஒருக்கா வந்துட்டு வராமப் போனா அது யாரோ ஒருத்தர் கை. கைய சர்வீஸ் பண்ண நமக்கு ஆர்டர் இல்ல."

அவர் வருவதற்கு முன் கறையைத் துடைத்துவிட்டால் மட்டும் கோபம் வரும். மச்சானுக்கோ எதைப் பார்த்தாலும் துடைக்கத் தோன்றும். தோளில் துண்டு இருப்பதே அதற்குத்தான் என்று நினைத்தார். "அண்ணாச்சி, வயித்து வலின்னு டாக்டர்ட்டப் போகையில வயித்த வீட்டுல வச்சுட்டுப் போவீகளா? படிக்கிறதுக்கு முன்ன தொடைக்காதீக" என்பார். கறையைப் பார்ப்பதைத்தான் அவர் படிப்பது என்று சொல்வார். வேறு எதையும் அவர் படித்ததாகத் தெரியவில்லை.

ஒருமுறை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்கு அவரோடு போனேன். காகிதக் கட்டு கொடுக்கப் போவதாக மச்சானிடம் சொல்லிவிட்டு வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அங்கே ஒரே கலவரம். எந்தத் தாளை அடித்தாலும் மேலிருந்து கீழ்வரை மயிரிழை அகலத்துக்கு வெள்ளைக் கோடு. கோட்டுக்குள் வந்த எழுத்தெல்லாம் பாதி காணோம். அங்கே படித்த ஒரு பெண்தான் எதையோ திருகிவிட்டாள் என்று நடத்துகிறவர் முடிவு செய்து, அவளுடைய அம்மாவையும் வரவழைத்திருந்தார். பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். அம்மா, தறியிலிருந்து நேரே வந்தவள், தலைமுடியெல்லாம் பஞ்சு, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

இவர் கண்ணை மூடினார். திறந்தார். தாளைத் தலைகீழாக்கினார்.

"கருப்பு கூடல. கொறஞ்சிருக்கு. வெளிச்சம் போகவேண்டிய எடத்துக்குப் போகல" என்றார், யாரிடமும் சொல்லாததுபோல. மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, எங்களைக் கூப்பிட்டார். வெளிச்சம் இறங்கி வரும் சின்னச் சந்தில், குறுக்காக ஓர் இழை. சிலந்தி நூல். அந்த ஒற்றை இழையின் நிழல்தான் நூறு தாளிலும் வெள்ளைக் கோடாக விழுந்துகொண்டிருந்தது. டார்ச் ஒளியில் அது ஒருமுறை ஆடி நின்றது. அதற்கு அப்புறம் பல நாள், தூங்கும்போது எனக்குள்ளும் அப்படி ஓர் இழை ஆடுவதாகத் தோன்றியிருக்கிறது. என் காவியம் நின்றுபோனதற்கு அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

நடத்துகிறவர் விடவில்லை. "மூடியத் தொறந்து போட்டது யாரு? அதனாலதான பூச்சி உள்ள போச்சு?"

"பூச்சி அந்தா போகுது. கூப்புட்டுக் கேளுங்க" என்றார் இவர். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "உங்க பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. வெளிச்சம் வர்ற வழியில ஒரு நூலு கெடந்துச்சு. அம்புட்டுத்தான்" என்றார். இழையை ஊதிவிட்டார். பிரஷ் இருந்தும் ஊதினார்.

எங்கள் பிரிண்டருக்கு எறும்பு வந்த கதை வேறு. அதற்கு ஆயுத பூஜை காரணம்.

பிரிண்டருக்குள் செருகும் கார்ட்ரிட்ஜில், தகட்டுக் கதவுக்குப் பின்னால், மயில் கழுத்துப் பச்சையில் பளபளவென்று ஓர் உருளை உண்டு. டிரம் என்பார்கள். வெளிச்சம் அதன்மேல்தான் எழுதுகிறது. எழுதிய இடத்தில் டோனர் ஒட்டி, தாளுக்கு மாறுகிறது. வெளிச்சம் எழுதுகிற பொருளாக இருந்தும், அல்லது அதனாலேயே, அது இருட்டில்தான் வாழ வேண்டும். இதெல்லாம் மச்சானுக்குத் தெரியாது. ஆயுத பூஜையன்று கல்லாப் பெட்டி, தராசு, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தவர், பிரிண்டரின் வாயைத் திறந்து கார்ட்ரிட்ஜை எடுத்து, கதவைத் தள்ளி, அந்தப் பச்சையைப் பார்த்திருக்கிறார். சிலை போலத் தோன்றியிருக்கிறது. மூன்று விரலால் விபூதிப் பட்டை போட்டு, நடுவில் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். மறுநாள் காலை, ஈரத் துண்டால் நன்றாகத் துடைத்து, மொட்டை மாடியில் மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் காயவைத்தார். எங்கள் பக்கத்தில் ஈரமான எதையும் வேறு எங்கே வைப்பார்கள்?

அன்று அடித்த தாளெல்லாம் ஐப்பசி வானம். எழுத்து இருந்தது, மேகத்துக்குள்.

மெக்கானிக் வந்தார். தாளைப் பார்த்தார். மாடியிலிருந்து இறக்கிய கார்ட்ரிட்ஜை மோந்து பார்த்தார். விபூதி வாசனை. மற்ற மதத்துக்காரர் பூஜையைப் பற்றி என்ன சொல்ல முடியும்? நெடுநேரம் யோசித்துவிட்டு, "அண்ணாச்சி, உங்க சாமி மேல குத்தமில்ல. வெயிலு மேலதான்" என்றார். கருப்புத் துணியில் கார்ட்ரிட்ஜைச் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் படுக்கவைப்பதுபோல அக்காவின் பீரோவுக்குள் வைத்தார். "மூணு நாளு தூங்கட்டும். வெயிலக் கொஞ்சங் கொஞ்சமா மறந்துரும்."

மூன்று நாள் கழித்து மேகம் கலைந்துவிட்டது. ஆனால் மச்சான் ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்தபோது அவர் மோதிரம் டிரம்மில் ஒரு கீறல் போட்டிருந்தது. அது மட்டும் மறக்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் வலது ஓரமாக, உள்ளங்கை அகல இடைவெளியில், மேலிருந்து கீழே மூன்று எறும்புகள். எள்ளளவு உடம்பு, நுனியில் மீசைகூட உண்டு. நூலின் முதல் முடிச்சு அச்சாக அதில் விழுந்தது. புதிது மாற்றச் சொன்னார். மச்சான் எறும்புகளோடு வாழப் பழகிக்கொள்ளச் சொன்னார்.

பழகினேன். வாங்க வருகிறவர்கள் முதலில் ஊதிப் பார்ப்பார்கள், அப்புறம் சுண்டுவிரலால் தட்டுவார்கள். எறும்பு நகராது. நான் பார்டரில் கொடி வரைந்து எறும்பு விழும் இடத்தில் இலை வைத்தேன். குத்துவிளக்கின் தண்டில் ஒன்றை ஒளித்தேன். ஒரு மிட்டாய்க் கடைக்காரரின் நோட்டீஸில் வேண்டுமென்றே லட்டுக்குப் பக்கத்தில் விட்டேன். "உங்களுக்கு நல்ல கற்பனை சார்" என்று அவர் பாராட்டினார். இலக்கியத்தில் எனக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம்.

மெக்கானிக்கின் கண்ணுக்கு ஊரில் பேர் உண்டாகியிருந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாராவது ஒரு நோட்டீஸை நீட்டுவார்கள். தலைகீழாகப் பிடித்து, நூலை இழுத்து, "இது இன்ன எடத்து மிசினு" என்பார். தப்பியதில்லை. "அஞ்சும் நாம் பாக்குற மிசினுதான. கையெழுத்து தெரியாமலா இருக்கும்?" கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார். அவருக்கு இருந்த ஒரே பெருமை அது. கேட்டவர்கள் டீ வாங்கிக் கொடுப்பார்கள். அப்படிக் கேட்டவர்களில், பரளச்சிக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பஞ்சாயத்துக் கிளார்க்கும் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கிராமத்தின் பெயர் வேண்டாம்.

அதே கிராமத்திலிருந்து ஒருநாள் மத்தியானம் பால்வாடி டீச்சர் வந்தார். மச்சான் காகிதம் வாங்க மதுரைக்குப் போயிருந்தார். டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரூல் போட்ட நோட்டுத் தாள் ஒன்றைக் கொடுத்தார். பால்வாடித் தெருவுக்கென்று அனுமதியான ஆழ்துளைக் கிணற்றையும் குழாயையும் பஞ்சாயத்துத் தலைவர் தன் மிளகாய்த் தோட்டத்தில் போட்டுக்கொண்டார் என்று எழுதியிருந்தது. பிள்ளைகளுக்கு டீச்சரே தினம் காலை அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோகிறாராம்.

"முப்பது தாள் போதும் சார். எங்க அடிச்சதுன்னு தெரியக் கூடாது. இங்கன்னு தெரிஞ்சா, அந்த ஊர்ல இருந்து இங்க வந்துபோற பொம்பள நான் ஒருத்திதான். வேல போயிரும். வேல போனா அந்த ரெண்டு கொடமும் போயிரும்."

நான் வாக்குக் கொடுத்தேன். அதோடு நிற்காமல் அவர் எழுதியதை மெருகும் ஏற்றினேன். வறண்ட நாவுகளின் மௌனக் கேள்வி என்றெல்லாம் வந்தது. டீச்சர் பொறுமையாகப் படித்துவிட்டு, "இது வேணாம் சார். கொழா எங்கன்னு மட்டும் கேட்டாப் போதும்" என்றார். அடித்தேன். பார்டர் இல்லை, கொடி இல்லை, விளக்கு இல்லை. வெறும் எழுத்து. ஒளிய இடமில்லாமல் மூன்று எறும்புகளும் ஓரத்தில் அம்மணமாக நடந்தன. நான் பார்த்தேன். பார்த்தும், இதை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மதியம். அரைத் தூக்கம். இதைத் தவிர எனக்கு வேறு சமாதானம் கிடையாது.

பத்து நாள் இருக்கும். மெக்கானிக் மாதாந்திரச் சுத்தத்துக்கு வந்திருந்தார். கரண்டு இல்லை. தறி நின்று, ஊரே மூச்சைப் பிடித்ததுபோல் இருந்தது. கார்ட்ரிட்ஜ் அவர் மடியில். அப்போது மூன்று பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் வெள்ளை வேட்டி, ஒருவர் கையில் பை, மூன்றாமவர் சும்மா நிற்பதற்கென்றே வந்தவர்.

"இவுகதான் தலைவரே" என்றார் பைக்காரர், அந்தக் கிளார்க். "இவுக இங்க வந்திருக்காகன்னு டீக்கடையில சொன்னாக. தாளப் பாத்தா மிசினச் சொல்லிருவாக. பொய் சொல்ல மாட்டாக."

தலைவர் மரியாதையாகப் பேசினார். "சார், ஒரு ஒத்தாச. எவனோ என் பேரக் கெடுத்து நோட்டீஸ் அடிச்சிருக்கான். எங்க அடிச்சான்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்குறோம்."

அவர்கள் தேடி வந்தது மெக்கானிக்கை. பிரிண்டர் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. நானும் அப்படித்தான் நின்றேன்.

அவர் கண்ணை மூடினார். அவ்வளவு நேரம் மூடி நான் பார்த்ததில்லை. திறந்தார். நோட்டீஸைத் தலைகீழாகப் பிடித்தார். நூலை எடுத்தார். நுனியை ஓர் எறும்பில் வைத்து இழுத்தார். முதல் முடிச்சு. நூலைச் சுருட்டினார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, அதுவும் ஒரு கறைதானே, படித்திருப்பார்.

அவர் வாயைத் திறக்குமுன் மச்சான் எட்டிப் பார்த்தார். திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்ட சந்தோஷத்தோடு, "அட! இது நம்ம எறும்பு மாதிரில்ல இருக்கு!" என்றார்.

தலைவர் மெதுவாகத் திரும்பி பிரிண்டரைப் பார்த்தார். "அப்பிடியா அண்ணாச்சி? எங்க, ஒரு தாள் அடிச்சுக் காமிங்க, பாப்பம்."

"கரண்டு இல்லைங்களே" என்றார் மச்சான். சொல்லும்போதே நோட்டீஸின் முதல் வரி அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். துண்டு தோளிலிருந்து கீழே விழுந்தது.

"இருக்கோம். வரட்டும்."

உட்கார்ந்துவிட்டார்கள். மச்சான் நாலு கலர் சோடா சொன்னார். அப்போதுதான், வாய் திறந்தால் நாலு வரிக்கு மேல் பேசாத மெக்கானிக் பேச ஆரம்பித்தார்.

"தலைவரே, இங்கிட்டு வாங்க, வெளிச்சத்துக்கு. இது எப்பிடிக் கண்டுபுடிக்கிறதுன்னு சொல்றேன்." கார்ட்ரிட்ஜோடு ஜன்னலுக்குப் போனார். மேற்கு ஜன்னல். தகட்டுக் கதவைத் திறந்து, மூடாமலிருக்க ஒரு ரப்பர் பேண்டைப் போட்டார். பச்சை உருளை வெயிலில் பளீரென்றது. "எறும்பு தாள்ல இல்ல தலைவரே, இதுலதான் இருக்கும். இது ஒரு சுத்துச் சுத்துனா தாள்ல ஒரு எறும்பு. மூணு சுத்துக்கு மூணு." முதல் முடிச்சைக் காட்டினார். இரண்டாவதைக் காட்டினார். வேறு எந்த உருளைக்கு எந்தத் தூரம், எந்தக் கோளாறுக்கு எந்தக் கறை என்று ஒன்று விடாமல் சொன்னார். சொல்லிக்கொண்டே பெருவிரலால் பல்சக்கரத்தைத் தள்ளி, உருளையை மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் அந்த அரைமணி நேரம் அவரை வெறுத்தேன். இவ்வளவு பிழையில்லாமல் காட்டிக்கொடுக்கிற மனிதர் எப்போது வாயை மூடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் துண்டுக்குள் தும்பு மிதந்தது. உருளை சுற்றியது. மயில் கழுத்து திரும்பித் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. எங்கேயோ இரண்டு குடங்கள் பஸ்ஸின் ஓட்டத்தில் தளும்பின.

"அந்த வடு எங்க இருக்கு, காட்டுங்க" என்றார் தலைவர், குனிந்து.

"கண்ணால பாத்து நம்பக் கூடாது தலைவரே. தாள்ல பாத்துத்தான் நம்பணும்."

சுவருக்குப் பின்னால் தறிகள் ஒரே சமயத்தில் உயிர்த்தெழுந்தன. அவர் ரப்பர் பேண்டை எடுத்து, கதவை மூடி, கார்ட்ரிட்ஜைச் செருகினார். "அடிங்க தம்பி" என்றார். அடித்தேன்.

ஐப்பசி வானம் வெளியே வந்தது.

இரண்டாவது தாளும் அதேதான். மூன்றாவது இன்னும் கருப்பு. மொட்டை மாடி வற்றல் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எறும்பு எங்கய்யா?" என்றார் தலைவர்.

கிளார்க் தாளைக் கண்ணோடு ஒட்டிவைத்துத் தேடினார். "இதுல யான நின்னாலும் தெரியாது தலைவரே."

தலைவர் மெக்கானிக்கிடம் நோட்டீஸை நீட்டினார். "நீங்க சொல்லுங்க. உங்க வாக்கு தப்பாதுன்னு இவன் சொன்னான்."

அவர் நோட்டீஸையும் புதிதாக அடித்த தாள் ஒன்றையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் தலைகீழாக. நூலைக் குறுக்கே போட்டார். "ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார்.

அது பொய் இல்லை. ஆனாலும் பொய் சொன்னவர்போல அவர் முகம் கறுத்திருந்தது. தலைவர் அந்த முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பொய் சொல்லாதவரின் வார்த்தைக்கு மேல் கேட்க அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போனார்கள். கலர் சோடா நாலும் காலி. நாலாவதை யார் குடித்தார்கள் என்று பார்த்தால், நான்.

அவர் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தார். கை தன்னால் கருப்புத் துணியை விரித்தது. கார்ட்ரிட்ஜை வைத்து ஒரு மூலையை மடித்தார். நின்றார். மூன்று நாள் இருட்டில் தூங்கினால் அது வெயிலை மறந்துவிடும். எறும்பு திரும்ப வரும். மடித்த மூலையை விரித்து, துணியைத் தனியாக எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, புதுசு ஒண்ணு போட்ருவோம். இத நான் கொண்டுட்டுப் போறேன்."

மச்சான் முதல் தடவையாக, விலை கேட்காமல் கல்லாப் பெட்டியைத் திறந்தார்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். பாதி வழியில் கேட்டார்: "தம்பி, அந்த நோட்டீஸ்ல என்ன எழுதியிருந்துச்சு?"

எனக்கு நடை நின்றுவிட்டது. "தெரியாமலா அண்ணே செஞ்சீக?"

"எழுத்து எப்ப நான் பாத்தேன்?"

சொன்னேன். பால்வாடி, மிளகாய்த் தோட்டம், குடம் எல்லாம். டீச்சர் யாரென்று மட்டும் சொல்லவில்லை. நடுரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "கோளாறு எங்கன்னு பாக்கத்தான் எனக்கு இந்தக் கண்ணு. ஆளு எங்கன்னு பாக்க இல்ல. அதான் செஞ்சேன்." கொஞ்சதூரம் போனதும், "இருந்தாலும் படிச்சுட்டுச் செஞ்சிருக்கணும். அதுல பொய்யா எழுதியிருந்தா?"

பஸ்ஸில் நிழல் பக்கம் இடம் காலியாக இருந்தது. அவர் வெயில் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். கார்ட்ரிட்ஜை மடியில் வைத்து, கதவைத் திறந்து ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டார். பச்சை உருளை வெளியே பார்த்துக்கொண்டு ஊரை விட்டுப் போனது.

அதன் பிறகு டீக்கடையில் யாராவது நோட்டீஸை நீட்டினால், "கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்று டீயைத் தானே வாங்கிக் குடித்தார். எங்கள் கடைக்கு வந்தால், கண்ணை மூடித் திறந்து, தாளை நேராகப் பிடித்து, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம். படித்துவிட்டு, "நெசமா?" என்பார். மிட்டாய்க் கடை நோட்டீஸில் சுத்தமான நெய் என்று இருந்தால், "நெசமா தம்பி?" மாப்பிள்ளை பி.ஏ. என்று இருந்தால், "நெசமா?" மரண அறிவிப்பைப் படித்துவிட்டு மட்டும் கேட்கமாட்டார். வேலை தாமதமாகிறது என்று மச்சான் முணுமுணுத்தார்.

அடுத்த வருஷம் பால்வாடி டீச்சர் மறுபடி வந்தார். வேலையில்தான் இருந்தார். பிள்ளைகளுக்குச் சுவரில் ஒட்ட, படமும் பேரும் போட்ட தாள் வேண்டுமாம். புது டிரம், எறும்பு இல்லாத தாள். ஸ்டூலில் மெக்கானிக் இருந்தார். நான் இருவருக்கும் நடுவில் ஒன்றும் தெரியாதவனாக நின்றேன். அந்த வேஷம் எனக்குப் பொருந்தும்.

முதல் தாளை அவர்தான் எடுத்தார். நேராகப் பிடித்தார். "அணில்... ஆடு... குடம்... குழாய்." அங்கே நின்றார். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார்.

"கொழா நெசமா டீச்சர்? உங்க ஊர்ல இருக்கா?"

டீச்சர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"படத்துல இருக்கு சார். என்னைக்காவது வந்துச்சுன்னா பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியணும்ல?"

அவர் கண்ணை மூடினார். திறந்து, பழைய வழக்கம்போலத் தாளைத் தலைகீழாகத் திருப்பி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார். குழாய் தலைகீழாக, வாய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கோளாறு இதுல இல்ல டீச்சர்" என்று தாளை அவர் கையில் கொடுத்தார்.